31வது தூணில் நின்ற கால்

சிங்கப்பூரில் பூன் லே ரயில் நிலையத்திலிருந்து நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக் வரைக்கும் கூரை போட்ட நடைபாதை உண்டு. மழையும் வெயிலும் படாமல் நடந்து வந்துவிடலாம். அதன் ஓரத்துத் தூண்களை 2024 கடைசியில் எண்ண ஆரம்பித்தேன். 31வது தூணுக்கு வந்ததும் இடது கெண்டைக்காலை யாரோ ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிப் பிடிக்கும். நின்றுவிடுவேன். நிற்பது வெளியே தெரியக்கூடாது என்று கைபேசியை எடுத்துப் பார்ப்பேன். மூன்று நிமிடத்தில் வலி சுவடில்லாமல் போய்விடும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும்.

உட்கார்ந்திருக்கும்போது வலியே இல்லை. அதனால்தான் நோய் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. வயது 49, ஒன்பது வருடமாகச் சர்க்கரை, இருபது வருடத்துக்கு மேல் சிகரெட். துவாஸில் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர் வேலை, நாள் முழுக்க பாதுகாப்பு பூட்ஸ். இவ்வளவும் இருக்க, கால் வலிக்காமல் வேறு என்ன செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "வாயுப் பிடிப்பாத்தான் இருக்கும், பூண்டு சேத்துக்கப்பா" என்றார்.

கம்பெனி அனுப்பும் கிளினிக்கில் இரண்டு முறை காட்டினேன். இரண்டு முறையும் 'கிராம்ப்' என்றுதான் சொன்னேன். வலி மாத்திரை, தசை இறுக்கம் தளர்வதற்கு ஒரு மாத்திரை, தேய்க்கத் தைலம், ஒரு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. பூட்ஸைக் கழற்றுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் நான் சொன்ன சொல்லும் அவர்களைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டது. கிராம்ப் என்றால் டாக்டருக்கு ராத்திரி தூக்கத்தில் இழுக்கும் குரக்குவலிதான் மனதில் வரும். என்னுடையது அது இல்லை. நடந்தால் வரும், நின்றால் போகும், ஒவ்வொரு தடவையும் அதே தூரத்தில் வரும். இந்த மூன்றையும் நான் சொல்லவே இல்லை.

2025 பிப்ரவரி 11, தைப்பூசம். ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு வருடா வருடம் பால்குடம் எடுப்பேன். மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். கூட்டம் நின்று நின்று நகர்வதால் ஆரம்பத்தில் சமாளித்துவிட்டேன். சிலிகி சாலையில் வரிசை வேகமெடுத்தது. கால் மரம்போல் இறுகிவிட்டது. தலையில் குடம் இருக்கிறது, பின்னால் ஆட்கள் வருகிறார்கள், என்னால் ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. பக்கத்தில் வந்த கூட்டாளி குடத்தை வாங்கிக்கொண்டார். நான் ஓரத்துத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினேழு வருடத்தில் முதல்முறையாக நேர்த்தி பாதியில் நின்றது. அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

அப்போது பெரம்பலூர் அண்ணன் ஞாபகம் வந்தது. 2022 வரை எனக்கு மேல்கட்டிலில் படுத்திருந்தவர். பூட்ஸ் உரசி கட்டைவிரலில் சின்னப் புண். "ஜூன்ல லீவு இருக்கு தம்பி, திருச்சியில பாத்துக்கறேன்" என்று இரண்டு மாதம் தள்ளினார். திருச்சியில் போய்ப் பார்த்தபோது விரல் கறுத்திருந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் இங்கே திரும்பவில்லை.

ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லாதவர் எங்கள் அறையில் ஒருவர்கூட இல்லை. பல்வலி, மூலம், கண்ணாடி மாற்றுவது எல்லாமே ஊருக்குப் போன பிறகுதான். இங்கே செலவு அதிகம், ஊரில் சொந்தக்காரர்கள் கூட இருப்பார்கள், பேச்சும் புரியும். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் காலுக்கு ரத்தம் போகாத விஷயத்தில் இந்தக் கணக்கு செல்லாது.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

முதலில் ஜூரோங்கில் உள்ள பலதுறை மருந்தகத்துக்கு, அதாவது அரசு பாலிகிளினிக்குக்குப் போனேன். வெளிநாட்டு ஊழியர்களும் அங்கே போகலாம், ஆனால் நமக்கு மானியம் கிடையாது, முழுக் கட்டணம். இந்தத் தடவை சொல்ல வேண்டியதை முந்தின நாளே ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்: எந்தக் கால், எந்த இடம், எத்தனை தூண் நடந்தால் வருகிறது, எத்தனை நிமிடம் நின்றால் போகிறது, எத்தனை மாதமாக இருக்கிறது. சர்க்கரை மாத்திரைகளின் பெயரும், கடைசியாக எடுத்த மூன்று மாதச் சர்க்கரை அளவும் அதிலேயே இருந்தன. டாக்டர் அம்மா அந்தத் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டு சாக்ஸையும் கழட்டுங்க" என்றார்.

அடுத்த ஐந்து நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாதத்தின் மேல்பக்கம், கட்டைவிரல் எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவில், இரண்டு விரலை மெல்ல வைத்தார். பிறகு உள்பக்கக் கணுக்கால் முட்டிக்குப் பின்னால். வலது காலில் உடனே தலையாட்டினார். இடது காலில் விரலைக் கொஞ்சம் நகர்த்தினார், மறுபடி நகர்த்தினார், கண்ணை மூடிக்கொண்டு தேடினார். கடைசியில் என் விரலையே பிடித்து வலது காலில் வைத்து, "இங்க துடிக்குது, தெரியுதா? அந்தக் கால்ல எனக்குக் கிடைக்கலை" என்றார். இடது கணுக்காலுக்கு மேலே முடி உதிர்ந்து தோல் பளபளவென்று இருந்ததை அன்றுதான் நானே கவனித்தேன். வருடக்கணக்காக பூட்ஸுக்குள்ளேயே இருந்த கால்.

அவர் இன்னொரு கேள்வியும் கேட்டார். கடையில் தள்ளுவண்டியைக் குனிந்து தள்ளிக்கொண்டு போனால் வலி குறைகிறதா? இடுப்பில் நரம்பு அழுந்தினாலும் நடக்கும்போது கால் வலிக்குமாம். ஆனால் அந்த வலி வெறுமனே நின்றால் போகாது. உட்கார வேண்டும், இல்லையென்றால் முன்னால் குனிய வேண்டும். எனக்கு நின்றாலே போய்விடுகிறது என்றேன். பாதம் எரிகிறதா, ராத்திரி படுத்திருக்கும்போது வலிக்கிறதா, காலைத் தொங்கப்போட்டால் சுகமாக இருக்கிறதா, ஆறாத புண் இருக்கிறதா என்று கேட்டார். எதுவும் இல்லை. அதில் ஒன்று இருந்திருந்தாலும் காத்திருக்கவே விட்டிருக்க மாட்டேன் என்றார். அரசு மருத்துவமனையின் ரத்தநாளப் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஊட்ரமில் உள்ள சிங்கப்பூர் பொது மருத்துவமனை, நொவீனாவில் டான் டோக் செங், கென்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை என்று அந்தப் பிரிவு பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. எனக்கு நாள் கிடைக்க ஐந்து வாரம் ஆனது.

நம்மில் பலர் ஏமாறும் ஒரு விஷயம் காப்புறுதி. வேலை அனுமதி, எஸ் பாஸ் (நடுத்தரத் திறனுள்ள வெளிநாட்டு ஊழியர்களுக்கான அனுமதி) வைத்திருப்பவர்களுக்கு முதலாளி கட்டாயம் எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி, 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளி. அதற்கு முன்னால் 15,000. அதைக் கேட்டதும் எல்லாச் செலவும் அதில் அடங்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அந்தக் கட்டாயக் காப்புறுதி, மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கும் அன்றே வீடு திரும்பும் அறுவை சிகிச்சைக்கும் உரியது. வெளிநோயாளியாகப் போய் எடுக்கும் பரிசோதனை அதில் வராது. சில கம்பெனிகள் தனியாக வெளிநோயாளித் திட்டமும் வைத்திருக்கும், சிலவற்றில் இருக்காது. ஆகவே பரிசோதனை நாளுக்கு முன்பே கடிதத்தைக் காட்டி, எது யார் செலவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் வாய்ப்பேச்சை நம்பிப் போனேன். பில் வந்த பிறகு மூன்று வாரம் இழுபறி. கடைசியில் ஒரு பகுதியைக் கம்பெனி ஏற்றது, மீதி என் கையிலிருந்து போனது, எனக்கு அது சின்னத் தொகை இல்லை. மருத்துவமனையிலேயே முன்கூட்டி எவ்வளவு ஆகும் என்று கேட்டால் உத்தேசமாகச் சொல்வார்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. என் மேலாளரிடம் பரிசோதனைக்குப் போகும் தேதியை மட்டும் முதலில் சொன்னேன், வந்துபோனதற்கான சீட்டை வாங்கிக் கொடுத்தேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

இப்போது பரிசோதனை. பெயரைச் சொன்னால் பெரிதாகத் தெரியும், விஷயம் எளிது: கையில் எடுக்கும் ரத்த அழுத்தத்தைக் கணுக்காலிலும் எடுத்து ஒப்பிடுவது. கணுக்கால்-கை அழுத்த விகிதம் என்று பெயர், இங்கே எல்லோரும் ஏபிஐ என்றே சொல்கிறார்கள். ஊசி இல்லை, பட்டினி இல்லை. காலையில் கோப்பியும் சிகரெட்டும் வேண்டாம் என்றார்கள். முழங்கால் வரை சுருட்டக்கூடிய தளர்ந்த கால்சட்டை போட்டுப் போவது நல்லது. நான் ஜீன்ஸில் போய் அவர்கள் கொடுத்த துணியைக் கட்டிக்கொண்டேன். கணுக்காலில் புண் இருந்தால், அல்லது ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கியிருந்தால், அழுத்தம் எடுக்கும் பட்டையைச் சுற்றுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

அந்த அறையில் இருந்த தாதி தமிழர். "காலை நீட்டி நல்லாப் படுங்கண்ணே. பத்து நிமிஷம் பேசாம இருங்க, நடந்து வந்த படபடப்பு அடங்கட்டும்" என்றார். பிறகு இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பட்டை. பாதத்தில் சில்லென்று ஒரு பசை. அதன்மேல் பேனா போன்ற கருவியை வைத்ததும் ஒலிபெருக்கியில் என் ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. வலது காலில் குதிரை துள்ளிப் போவதுபோல் அடுத்தடுத்து எழுந்து விழுந்தது. இடது காலில் கருவியை வைத்தார். கொல்லன் துருத்தியை மெதுவாக அமுக்குவதுபோல் நீளமாக ஓர் இழுவை, அவ்வளவுதான். தாதி எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

பட்டையில் காற்றை ஏற்றுகிறார்கள், அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. மெல்ல இறக்குகிறார்கள், சத்தம் எந்த எண்ணில் திரும்பி வருகிறதோ அதைக் குறித்துக்கொள்கிறார்கள். எனக்கு வலது கையில் 148, இடது கையில் 142. இதில் பெரிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்வார்கள். வலது கணுக்கால் 141, இடது கணுக்கால் 98. கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்தால் வலது 0.95, இடது 0.66. ஒன்றிலிருந்து 1.4 வரை சரியான அளவு. 0.9 அல்லது அதற்குக் கீழே போனால் ரத்தநாளம் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். என் வலது கால் இரண்டுக்கும் நடுவில், எல்லைக்கோட்டில் நிற்கிறது. வலி இல்லாத கால் நல்ல கால் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சர்க்கரைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வருடச் சர்க்கரையில், சிறுநீரகக் கோளாறில், ரத்தநாளச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் இறுகிப்போகும். பட்டையால் அதை அமுக்கவே முடியாது. அப்போது எண் 1.4-க்கு மேலேகூட வரும், சில நேரம் பொய்யாகச் சரியான அளவுபோலவும் காட்டும். அதனால்தான் எனக்குக் கட்டைவிரலில் ஒரு குட்டிப் பட்டை சுற்றி அங்கேயும் அழுத்தம் எடுத்தார்கள். உங்களுக்குச் சர்க்கரை இருந்து, எண் நன்றாக வந்தும் நடந்தால் வலிக்கிறது என்றால், விரல் அழுத்தம் எடுத்தார்களா, நடக்கவைத்து மறுபடி அளக்க முடியுமா என்று கேளுங்கள். படுத்திருக்கும்போது சரியாக இருக்கும் எண், நடந்த பிறகு இறங்குவது உண்டு.

இரண்டு வாரம் கழித்து ஸ்கேன். ஒலியலையில் ரத்தநாளத்தைத் திரையில் பார்ப்பது, அதுவும் வலிக்காது. அடைப்பு இடது தொடையில். வலி கெண்டையில் இருக்க அடைப்பு எப்படித் தொடையில் என்று கேட்டேன். "மேலே வாய்க்காலில் மடை அடைபட்டால் கீழ் வயல்தானே காயும்" என்றார் டாக்டர். அவர் தமிழர் இல்லை, ஆங்கிலத்தில்தான் இந்த உவமையைச் சொன்னார். விவசாயி வீட்டுப் பையனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நான் பயந்தது அறுவை சிகிச்சைக்கு. அவர் அதைப் பற்றிக் கடைசியில்தான் பேசினார். முதலில் கேட்டது நெஞ்சைப் பற்றி. காலில் படிந்த கொழுப்பு காலோடு நிற்காது, இதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களிலும் இருக்கலாம். இந்த நோய் உள்ளவர்களுக்குக் காலைவிடப் பெரிய ஆபத்து மாரடைப்பும் பக்கவாதமும்தான் என்றார். அன்றே ஈசிஜி எடுத்தார்கள். கொழுப்பைக் குறைக்க ஒரு மாத்திரை, ரத்தம் கட்டியாகாமல் இருக்க ஒரு மாத்திரை, சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் இன்னும் கண்டிப்பு. சிகரெட்டைப் பற்றி அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: நான் எழுதும் எந்த மாத்திரையையும்விட அதை விடுவது உங்கள் காலுக்கு முக்கியம். அன்று மாலை மிச்சமிருந்த பெட்டியைக் குப்பையில் போட்டேன். முதல் இரண்டு வாரம் படாத பாடு. இதை எழுதும்வரை திரும்பத் தொடவில்லை.

அப்புறம் நடை. வலிக்கிற காலை வைத்துக்கொண்டு நடக்கச் சொல்கிறார்களே என்று திகைத்தேன். வாரத்துக்கு மூன்று நாளாவது, முப்பது நாற்பது நிமிடம். வலி நன்றாகத் தெரியும்வரை நடக்க வேண்டும், நிற்க வேண்டும், போனதும் மறுபடி நடக்க வேண்டும். குறைந்தது மூன்று மாதம். பக்கத்துச் சின்னக் குழாய்கள் விரிந்து வேறு வழியில் ரத்தம் போகக் கற்றுக்கொள்ளும், தசையும் கிடைத்த ரத்தத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் என்றார். நடந்தால் மட்டும் வலிக்கிறவர்களுக்கு முதல் சிகிச்சை இதுதானாம். படுத்திருக்கும்போதே வலி, ஆறாத புண் என்று வந்தால் பலூன் வைத்துத் திறப்பது, மாற்றுவழி போடுவது என்று உடனே இறங்க வேண்டியிருக்கும். லேக்சைடில் இறங்கி ஜூரோங் ஏரித் தோட்டத்தைச் சுற்றி நடக்கிறேன். உட்கார பெஞ்சுகள் உண்டு, நின்றால் யாரும் ஏன் என்று பார்க்க மாட்டார்கள்.

இரண்டு விஷயத்தில் தப்பித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டாளி ஒருவர் அன்போடு இறுக்கமான காலுறை வாங்கிக் கொடுத்தார், ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று மருந்துக்கடையில் விற்பது. நரம்புச் சுருட்டலுக்கு அது உதவும். எனக்கு வந்திருப்பதுபோல் கீழே இறங்கும் ரத்தமே குறைவாக இருக்கும் காலில் அதைப் போட்டால் இருப்பதையும் நெரித்துவிடும். ஏபிஐ எண் தெரியாமல் அதைப் போடாதீர்கள். இன்னொன்று, வெந்நீர் ஒத்தடம். சர்க்கரையில் பாதம் மரத்திருந்தால் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ரத்தம் குறைந்த காலில் அந்தக் கொப்புளம் லேசில் ஆறாது. தினமும் ராத்திரி பூட்ஸைக் கழற்றியதும் விரலிடுக்கு வரை பார்க்கிறேன், அடிப்பாதத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருக்கிறேன்.

திடீரென்று ஒரு கால் வெளிறி, சில்லிட்டு, மரத்து, அசைக்க முடியாமல் வலித்தால் அது வேறு விஷயம். அதற்கு மருந்தகமும் இல்லை, முன்பதிவும் இல்லை. இங்கே ஆம்புலன்ஸுக்கு 995-ஐக் கூப்பிட வேண்டும், தாமதித்தால் சில மணி நேரத்தில் காலே போய்விடும்.

பரிசோதனை முடிவை அச்சிட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு கை, இரண்டு கால், எல்லா எண்களும் தேதியோடு. திருச்சியிலோ மதுரையிலோ காட்டினாலும் அதே எண்தான் பேசும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். நான் விடுப்பில் போனபோது கொண்டுபோய்க் காட்டினேன், அங்கே டாக்டர் ஐந்து நிமிடத்தில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது மாத முடிவில் 58வது தூண் வரை நிற்காமல் வந்தேன். மறுபடி எடுத்த ஏபிஐ பெரிதாக ஏறவில்லை, 0.68. நடக்கும் தூரம் கூடினாலும் அந்த எண் ஏறாமல் இருப்பது சகஜம் என்றார்கள். போன வாரம் 70வது தூணுக்கும் தபால்பெட்டிக்கும் நடுவில்தான் கால் பிடித்தது.

அன்று ராத்திரி பெரம்பலூர் அண்ணனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உனக்கு எத்தனைன்னு சொன்ன?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "விரல் கறுக்கற வரைக்கும் என் காலை ஒருத்தரும் அளக்கலையே தம்பி." விரல் எடுக்காத வலது காலையாவது அதன் பிறகு யாராவது அளந்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். வரும் திங்கள்கிழமை மகனோடு திருச்சிக்குப் போகிறார். எண்ணைத் தாளில் எழுதி வாங்கிவிட்டு எனக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.